ஜவ்வு விலகியது என்று படுக்கையிலேயே கிடக்காதீர்கள்

சென்ற மாதம் 42 வயதுத் தையல்காரர் ஒருவரை அவருடைய மனைவியும் மைத்துனரும் பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். துணிமூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது முதல் ஆறு வாரங்களாகப் படுக்கையிலேயே இருந்திருக்கிறார். இடுப்பைத் தாங்கக் கட்டிய பெல்ட்டைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாராம். உட்காரச் சொன்னதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றி, பலகைபோல் விறைத்தபடி அமர்ந்தார். சோதித்துப் பார்த்ததில் காலில் பலக்குறைவோ மரத்துப்போதலோ இல்லை. இப்படி ஒரே மாதத்தில் வந்தவர்களில் அவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அசைந்தால் ஜவ்வு இன்னும் விலகிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு, வளையல்போல் நழுவிவிடும் பொருளன்று. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு உறுதியாகப் பிணைந்திருப்பது. அது பிதுங்கலாம், பிதுங்கியது பலருக்கு நாளடைவில் தானே சுருங்கியும் விடும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் காணப்பட்டது. ஆகவே, ஸ்கேன் அறிக்கையின் ஒரு வரியைப் படித்துவிட்டு இனி குனியவே மாட்டேன் என்று முடிவெடுக்காதீர்கள்.

நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட்டையும் முதுகெலும்பை இழுத்துவிடும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கரண்ட் வைத்தால் போதும் என்று கேட்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல நேரம் ஒதுக்காமல் இயந்திரத்தை மாட்டி அனுப்புவதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு.

அந்தத் தையல்காரருக்கு முதல் நாள் கொடுத்த பயிற்சி எளியது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்புக் குழியைப் பாயில் அழுத்தித் தளர்த்துவது பத்து முறை. பிறகு சேர்த்து வைத்த முழங்கால்களை இரு பக்கமும் மெல்லச் சாய்ப்பது. மூச்சை அடக்காமல் செய்வதுதான் முக்கியம். அடுத்த வாரம் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி பூனைபோல் முதுகை வளைத்து இறக்கவும், முதுகை ஒட்டி ஒரு கம்பைப் பிடித்தபடி தொடை மூட்டிலிருந்து குனியவும் பழக்கினேன். ஐந்து நிமிட நடை, நாளுக்கு மூன்று வேளை. வலி காலுக்குப் பரவுபவர்கள் குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி எழும்போது, கால்வலி இடுப்பை நோக்கி ஏறினால் தொடரலாம். பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். யூடியூபைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தயவுசெய்து அந்த நிலையில் எங்களிடம் வந்து வரிசையில் காத்திருக்காதீர்கள்.