ஒரே செடியில் நான்கு வகை விதை

கானாவாழையை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளுத்த தண்டுகள் சிலவும் கூடவே வரும்; அவற்றில் சிறு காய்கள் ஒட்டியிருக்கும். மேலே நீலப்பூ பூத்துக் காய்ப்பது போதாதென்று, இந்தச் செடி மண்ணுக்கடியிலும் காய்க்கிறது. அந்தப் பூக்கள் விரிவதே இல்லை. தன் மகரந்தத்தாலேயே சூலுற்றுவிடும்.

மேல்காயில் ஐந்து விதைகள்: ஒன்று பெரிது, நான்கு சிறிது. அடிக்காயில் மூன்று: ஒன்று பெரிது, இரண்டு சிறிது. ஆக, நான்கு வகை. புது விதையை ஈரத்தில் வைத்தால் அடிக்காயின் பெரிய விதை 100க்கு 90 வரை முளைக்கும். மேல்காயின் சிறு விதையில் 3 முளைத்தாலே அதிகம். மற்ற இரு வகையும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும்.

முளைக்காதவை சொத்தை அல்ல. உறையைச் சற்றே சீவிவிட்டால் அவையும் முளைத்துவிடும். ஆக, பூட்டு இருப்பது உறையில். விதையுறை தாய்ச்செடியின் திசு. கருவுக்கு அதில் பங்கில்லை. காய் எங்கே உருவானது, அதற்குள் விதை எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து உறையின் தன்மை மாறுகிறது. அதனால்தான் ஒரே காயில் பிறந்த விதைகளும் ஒன்றுபோல் நடப்பதில்லை.

கானாவாழை மட்டுமல்ல, வேறு செடிகளும் இப்படித்தான். மருளூமத்தை என்ற களைச்செடியின் முள்காய்க்குள் இரண்டே விதைகள். கீழ்விதை முதலில் முளைக்கும். மேல்விதைக்கு ஆக்ஸிஜன் கூடுதலாக வேண்டும், பெரும்பாலும் அடுத்த ஆண்டு வரையாவது காத்திருக்கும். சக்கரவர்த்திக்கீரையில் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்: மெல்லிய உறையுள்ள பழுப்பு விதை உடனே முளைக்கும், தடித்த கறுப்பு விதை தூங்கும். முதல் மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, பிறகு மழை பொய்த்தால் வம்சமே போய்விடும் அல்லவா?

சோதித்துப் பார்க்க விரும்பினால், முதலில் கானாவாழை விதைகளை வகை பிரியுங்கள். கலந்து எடுத்த முளைப்பு விழுக்காட்டுக்கு அர்த்தமில்லை. கைக்கு எந்த வகை அதிகம் வந்ததோ அதற்கேற்ப எண் ஆடும். வகைக்கு 50 விதைகள் வீதம் நான்கு தட்டுகள், ஈர வடிதாள், 25 முதல் 30 டிகிரி வெப்பம். தாள் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் காற்று போகாது. உறக்கத்தில் இருப்பது எது, மூச்சு முட்டியது எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

வேர்முனை 2 மில்லிமீட்டர் நீண்டதும் முளைத்ததாகக் கணக்கிட்டு அந்த விதையை எடுத்துவிடலாம். தண்ணீரை உறை தடுக்கிறதா என்று அறிய, உலர்ந்த விதையை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து, மேல்ஈரத்தை ஒற்றி மறுபடி எடை போடுங்கள். எடை கூடவில்லையென்றால் நீர் உள்ளே போகவில்லை.

சீவுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். கானாவாழை விதையின் ஒரு பக்கத்தில் வட்டமான சிறு மூடி தெரியும். முளை அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். கரு அதன் அடியில்தான் இருக்கிறது. அங்கே கத்தி படக்கூடாது. அதைவிட்டுத் தள்ளி, விதையின் ஓர் ஓரத்தில், உள்ளே வெண்மை தெரியுமளவு கீறினால் போதும். கடைசிவரை முளைக்காததை இடுக்கியால் அழுத்துங்கள்: கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, கூழாக நசுங்கினால் செத்தது.