சிப்பில் டிஎன்ஏவை உட்கார வைப்பது: கருவியைவிடக் கரைசலைக் கவனியுங்கள்

டிஎன்ஏ ஓரிகாமி, அதாவது டிஎன்ஏ இழையை மடித்து நானோ வடிவங்கள் செய்யும் கலை, கற்க வரும் மாணவர்கள் முதலில் கேட்பது எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி கருவியைப் பற்றித்தான்; சிப்பின் மேல் நானோ அளவுக் கோலங்களை வரையும் கருவி அது. விலை அப்படி, கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் சிப் கெட்டுப்போவது பெரும்பாலும் கழுவும் மேசையில்.

2006-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பால் ரோத்மண்ட், எம்13 வைரஸின் 7,000 எழுத்துகளுக்கும் மேற்பட்ட ஒற்றை இழையை, 200-க்கு மேற்பட்ட குட்டி இழைகளால் மடித்து, சுமார் 100 நானோமீட்டர் அகல வடிவங்களைச் செய்தார். ஒரு சொட்டில் கோடிக்கணக்கில் மிதக்கும். மிதந்து என்ன பயன், சொன்ன இடத்தில் உட்கார வேண்டுமே! 2009-இல் ஐபிஎம், கால்டெக் குழுவினர் அதே அளவில் ஒட்டும் திட்டுகளைச் சிப்பின் மேல் லித்தோகிராஃபியால் வரைந்து, முக்கோண ஓரிகாமிகளை அவற்றில் உட்கார வைத்தார்கள்.

சிலிக்கான் டை ஆக்சைடின் மேல் முதலில் ஒட்டாத பூச்சு. திட்டுகளில் மட்டும் ஆக்சிஜன் பிளாஸ்மா அதை நீக்கிவிடும். அப்புறம் பிஎச் 8-க்குச் சற்று மேலுள்ள பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) திட்டு எதிர்மின்சுமை பெறுகிறது. டிஎன்ஏவும் எதிர்மின்தான்; தள்ளிப்போக வேண்டிய இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகர் மெக்னீசியம் அயனி. அது குறைந்தால் திட்டுகள் காலி. கூடினால் ஒட்டக்கூடாத இடத்திலும் ஒட்டும். பழக்கதோஷத்தில் மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ்ஸால் (ஆய்வகங்களில் வழக்கமான பாஸ்பேட் உப்புக் கரைசலால்) கழுவினால், அதிலுள்ள சோடியம் மெக்னீசியத்தின் இடத்தில் நுழைந்து முக்கோணங்களைக் கழற்றிவிடும். காயவைப்பதும் அப்படியே: நேராக உலர்த்தாமல், எத்தனால் அளவைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

முடிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். மூலக்கூறுகளைச் சும்மா தூவினாலே, அதிகபட்சம் 37% திட்டுகளில் ஒன்றே ஒன்று இருக்கும். அது வெறும் நிகழ்தகவு. அளவு பொருந்திய ஓரிகாமி தானே இடத்தை அடைத்துக்கொள்வதால், 2014-இல் கோபிநாத்தும் ரோத்மண்டும் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். ஆகவே ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) படத்தின் அழகான மூலையை மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காலித் திட்டு, இரண்டு உட்கார்ந்த திட்டு எல்லாவற்றையும் எண்ணிப் போடுங்கள்.

திசை இன்னொரு தலைவலி. சமபக்க முக்கோணம் மூன்று விதமாகத் திரும்பலாம், குப்புறவும் விழலாம்; மொத்தம் ஆறு நிலைகள். ஓரிகாமியின் மேல் ஏற்றிய ஒளிரும் மூலக்கூறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியமானால் இது உதவாது. 2021-இல் கோபிநாத், ரோத்மண்ட் குழு சமச்சீரற்ற நிலா போன்ற வடிவத்தால் இதைத் தீர்த்தது. உங்களுக்கு இடம் மட்டும் போதுமா, திசையும் வேண்டுமா என்று வடிவத்தை வரையும் முன்பே முடிவு செய்யுங்கள். வேஃபரில் (சிப் செய்யும் சிலிக்கான் தட்டில்) திட்டுகளைப் பதித்த பிறகு மாற்ற வழியில்லை.