போர், துளை, புழை

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினைப் பிரித்துக் கோப்பது பற்றித் தமிழில் எது வந்தாலும் அதில் “94 மி.மீ. துளை” என்று ஒரு வரி தப்பாமல் இருக்கிறது. வீடியோவுக்கு அடியில் ஓடும் எழுத்திலும் அதே துளை. படித்துப் படித்துக் கண் புளித்துவிட்டது. ‘போர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் துளை என்று போட்டால் அகராதி ஒத்துக்கொள்ளும், எஞ்சின் ஒத்துக்கொள்ளாது. அந்த வரியை நம்பி லேத் கடைக்குப் போனவர் இரண்டு தடவை கூலி கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

பொருளை முதலில் முடித்துவிடலாம். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடுகிற வெற்றிடத்தின் விட்டம் போர்; ஓடும் தூரம் ஸ்ட்ரோக். (மேலும் கீழும் ஓடும் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். பீட்டிலில் நான்கு சிலிண்டரும் படுத்துக் கிடப்பதால் பிஸ்டன் இடமும் வலமும் ஓடுகிறது.) இந்த இரண்டு அளவும் சிலிண்டர்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் எஞ்சினின் கொள்ளளவு தெரிந்துவிடும். 85.5 மி.மீ. போர், 69 மி.மீ. ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் என்றால் 1584 சி.சி. பீட்டில்காரர்கள் ‘1600’ என்று சொல்வது இதைத்தான்.

வேர்ச்சொல் பெரிய புதிர் ஒன்றும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘போரியன்’ என்றால் துளைத்தல். ஜெர்மனில் ‘போரன்’, பீட்டிலைப் பெற்ற அந்த மொழியில் இந்த அளவின் பெயர் ‘போருங்’. 1770களில் இங்கிலாந்தின் ஜான் வில்கின்சன், பீரங்கி குடைந்து பழகிய கையோடு, ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்கும் சிலிண்டர் குடைந்து கொடுத்தார். குடையும் செயலுக்கு இருந்த பெயர், குடைந்தபின் கிடைத்த வெற்றிடத்துக்கும் வந்தது, பிறகு அந்த வெற்றிடத்தின் அளவுக்கும் வந்தது. செயல், இடம், அளவு மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அது அவர்கள் வசதி. தமிழிலும் மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

‘போர்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். “போர் தேஞ்சுபோச்சு, ரீபோர் பண்ணணும்” என்று மெக்கானிக் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. எழுத்தில் வரும்போதுதான் சிக்கல். சண்டையும் போர், வைக்கோலும் போர், தோட்டத்தில் தண்ணீருக்குப் போடுவதும் போர், படம் சரியில்லை என்றால் அடிப்பதும் போர். ஐந்தாவதாக எஞ்சினையும் இந்த வண்டியில் ஏற்ற வேண்டுமா? பேச்சில் இருக்கட்டும். விளக்கிச் சொல்லும் எழுத்துக்குத் தனிச்சொல் வேண்டும்.

இனி துளைக்கு வருவோம். இதை ஆதரிப்பவர்களின் பெரிய சாட்சி ஆழ்துளைக் கிணறு. போர்வெல்லுக்கு அது நன்றாகப் பொருந்தி ஊரெல்லாம் பரவியும் விட்டது, மறுக்கவில்லை. அங்கே நிலத்தைத் துளைப்பதுதான் வேலையே. ஆனால் கிணற்றில் செல்லுபடியாகும் சொல் எஞ்சினிலும் செல்லும் என்று யார் சொன்னது? 12 போர் துப்பாக்கி என்று ஒன்று இருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தில் குழாயின் உள்ளளவுக்குச் சரியாகப் பன்னிரண்டு குண்டு வார்க்கலாம் என்பதால் வந்த பெயர். துளைக்காரர்கள் வழியில் போனால் அது பன்னிரண்டு துளைத் துப்பாக்கி ஆகும். கேட்கிறவர் அதைப் புல்லாங்குழல் வகையில் சேர்த்துவிடுவார்.

புல்லாங்குழலே நல்ல உதாரணம். அதில் துளை எது என்று குழந்தையைக் கேட்டாலும் விரல் வைக்கும் ஓட்டையைத்தான் காட்டும். காற்று ஓடும் உட்கூட்டை யாரும் காட்டுவதில்லை. துளைக்கருவி என்ற பெயர் அந்த உட்கூட்டையும் சேர்த்துத்தானே சொல்கிறது என்று வாதாடுவார்கள். சொல்லட்டும். இன்று காதில் விழும் பொருள் ஓட்டைதான்.

இன்னொரு வம்பும் இதில் உண்டு. துளை பெயர்ச்சொல் மட்டும் இல்லை, ஏவலும்கூட. “கிராங்க்கேஸில் 94 மி.மீ. துளை” என்று எழுதினால் (கிராங்க்கேஸ் என்பது சிலிண்டர்கள் வந்து பொருந்தும் எஞ்சினின் நடுக்கூடு) அளவைச் சொல்கிறாரா, துளைக்கச் சொல்கிறாரா? காற்றுக் குளிர்விப்பு எஞ்சினில் இது விளையாட்டான கேள்வி இல்லை. தண்ணீரில் குளிரும் கார் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் சிலிண்டர்கள் எல்லாம் ஒரே பிளாக்கில் இருக்கும். தேய்ந்தால் அதைக் குடைந்து பெரிதாக்குவார்கள். பீட்டிலில் ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி வார்ப்பிரும்புக் குழல். சுற்றிலும் விசிறி மடிப்புப் போல இறக்கைகள், அவற்றின் மேல் ஃபேன் காற்று. போர் பெரிதாக வேண்டும் என்றால் குழலை யாரும் குடைந்துகொண்டிருப்பதில்லை. பெரிய போர் உள்ள குழலும் பிஸ்டனும் செட்டாக வாங்கி மாட்டுகிறார்கள். ஆகவே குழலில் நாம் எதையும் துளைப்பதில்லை.

அப்படியானால் துளைக்கும் வேலையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். குழலின் ஒரு முனை கிராங்க்கேஸின் வாயிலும் மறுமுனை அதை மூடும் ஹெட்டின் வாயிலும் போய் உட்கார வேண்டும். 90.5, 94 போன்ற பெரிய குழல்களுக்கு அந்த வாய்களை லேத் கடையில் அகட்ட வேண்டும். அகட்டும் அளவு 94 ஆக இருக்கவே முடியாது. 94 என்பது குழலின் உள்ளே; வாய்க்குள் போக வேண்டியது குழலின் வெளிப்பக்கம், அதாவது சுவரின் தடிப்பையும் சேர்த்து. ஒரே பக்கத்தில் இரண்டையும் ‘துளை’ என்று எழுதி வைத்தால், படித்தவர் கிராங்க்கேஸை 94க்கு அகட்டிவிட்டு, குழல் உள்ளே போகவில்லையே என்று நிற்பார். பிறகு இன்னொரு தடவை லேத், இன்னொரு தடவை கூலி.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. புழை இருக்கிறது. உட்கூடான குழாய், நுழைவழி, கோட்டை மதிலில் ஆள் நுழையும் சிறுவாசல் என்றெல்லாம் அதற்குப் பொருள். யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர். உள்ளே ஒன்று போய்வரும் வழி என்ற எண்ணம் சொல்லிலேயே இருக்கிறது. பிஸ்டன் போய்வருவதும் அப்படித்தானே? பழைய சொல், யாருக்குப் புரியும் என்று உதடு பிதுக்குபவர்கள் பள்ளி இயற்பியல் பாடத்தை நினைத்துப் பார்க்கட்டும். நுண்புழைக் குழாய் என்று படித்துத்தானே தேர்வு எழுதினோம்? நுண்ணிய குழாயில் புழையாக இருந்தது, 94 மி.மீ. அகலமானதும் துளையாகிவிடுமா?

இடத்துக்குப் புழை, அளவுக்குப் புழைவிட்டம், செயலுக்குக் குடைதல். கிராங்க்கேஸ் வாயைப் பெரிதாக்குவதற்கு ‘அகட்டுதல்’ போதும். ‘உள்விட்டம்’ என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தெளிவான சொல்தான். ஆனால் பேரிங்குக்கும் உள்விட்டம் உண்டு, ஆயில் பைப்புக்கும் உண்டு. எதனுடைய உள்விட்டம் என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும். புழைவிட்டம் என்றால் பிஸ்டன் ஓடும் இடம் ஒன்றுதான்.

இந்தச் சொற்களை வைத்து, எந்தக் குழல் வாங்குவது என்ற பேச்சை எழுதிப் பார்க்கிறேன். 1954 வாக்கில் பீட்டிலின் புழைவிட்டம் 75இலிருந்து 77 ஆனது; பிறகு 83, கடைசியில் 85.5. மெக்சிகோவின் புவெப்லாவில் 2003இல் கடைசி வண்டி இறங்கும்வரை கம்பெனி அதைத் தாண்டவில்லை. தாண்டுவதெல்லாம் வெளிச்சந்தைக் குழல்கள். ஸ்ட்ரோக்கை 69இலேயே விட்டுவிட்டு 90.5 போட்டால் 1776 சி.சி., 94 போட்டால் 1915. 85.5இலிருந்து 94க்குப் போனால் விட்டம் பத்து விழுக்காடுதான் கூடுகிறது, பரப்போ இருபதுக்கும் மேல். ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஆசையைத் தடுப்பது சுவர். அகட்டாமல் அப்படியே நுழையும் 88 குழல் ஒன்று உண்டு. வெளியளவு பழையபடி, புழை மட்டும் பெரிது. அந்த 2.5 மி.மீ. எங்கிருந்து வந்தது? பக்கத்துக்கு 1.25 மி.மீ. வீதம் சுவரிலிருந்துதான். சுவர் மெலிந்தால் சூட்டில் குழல் வட்டம் கெடும், பிஸ்டன் ரிங் அடைக்காது, ஆயில் எரியும். ஹெட்டில் போய் அழுந்தும் விளிம்பும் குறுகிவிடுவதால் அங்கேயும் கசியும். 92இன் கதையும் இதே. 90.5 போகும் அதே வாய்க்குள் அதுவும் போகிறது என்றால் பக்கத்துக்கு 0.75 மி.மீ. போயிற்று என்று அர்த்தம். 94க்கு வாயை இன்னும் அகட்டுவதால், அதன் சுவர் 92இன் சுவரைவிடத் தடிப்பு. எண் பெரிதானால் சுவர் மெலியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. தினமும் ஓட்டும் வண்டி என்றால் 85.5 அல்லது 90.5, பலம்தான் வேண்டும் என்றால் 94. 88க்கும் 92க்கும் நான் காசு கொடுக்க மாட்டேன்.

மேலே உள்ள இரண்டு பத்தியில் புழை, சுவர், வாய் மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கின்றன. புழை வருமிடத்திலும் வாய் வருமிடத்திலும் துளையைப் போட்டுப் படித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

மனிதர்கள் எழுதும் துளையாவது பரவாயில்லை என்று தோன்றும் நாளும் வருகிறது. உதிரிபாகம் விற்கும் பக்கங்களில் எந்திரம் பெயர்த்த தமிழைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போருக்குச் ‘சலிப்பு’, ஸ்ட்ரோக்குக்குப் ‘பக்கவாதம்’. 94 மி.மீ. சலிப்பு, 69 மி.மீ. பக்கவாதம்! எஞ்சினுக்கு மருத்துவச் சீட்டு எழுதியதுபோல இருக்கிறது. எந்திரத்துக்குத் தெரியாது, மன்னிக்கலாம். அதைத் திருத்தக் கூலி வாங்கிக்கொண்டு, ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல் ஏற்றிவிடுகிறவர்களை எதற்கு மன்னிப்பது? நான்கு வீச்சு எஞ்சின் என்று தமிழில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். வீச்சு என்று போட்டால் முடிந்தது.

புழைவிட்டம் வீச்சைவிடப் பெரிதாக இருக்கும் எஞ்சினுக்கு ஆங்கிலத்தில் ‘ஓவர்ஸ்கொயர்’ என்று பெயர். அதை ‘மிகைச்சதுர எஞ்சின்’ என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே எது சதுரம்? வட்டப் புழை, வட்டப் பிஸ்டன். இரண்டு அளவும் சமமானால் சதுரம் என்பது அவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு. நமக்கு ‘புழை மிகுந்த எஞ்சின்’ என்றால் புரிந்துவிடும். பீட்டில் அந்த வகை. சென்னை திருவொற்றியூரில் பிறந்த பழைய 350 புல்லட்டும் காற்றில் குளிர்வதுதான், ஆனால் எதிர் வகை: புழை 70, வீச்சு 90. அதை ‘வீச்சு மிகுந்தது’ என்பேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கொண்டு வரட்டும், சதுரத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு.