விளையாட்டுமயமாக்கல்: பொருந்தாத மயம்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல்கலைக்கழகக் கற்பித்தல் பற்றித் தமிழில் வரும் பட்டறை அறிவிப்புகளில் 'விளையாட்டுமயமாக்கல்' என்ற சொல் ஓயாமல் வருகிறது. கஹூட் என்ற இணைய வினாடிவினாத் தளத்தில் பத்துக் கேள்வி கேட்டாலும் அதே சொல், நால்வர் கூடி இணையப் புதிர் ஒன்றை அவிழ்த்தாலும் அதே சொல். இரண்டும் ஒன்றல்ல.

மூலச்சொல் கேமிஃபிகேஷன். 2002-இல் நிக் பெல்லிங் என்ற பிரிட்டிஷ் நிரலர் உருவாக்கியது. விளையாட்டல்லாத ஒன்றில் புள்ளி, பதக்கம், தரவரிசை போன்ற கூறுகளைச் சேர்ப்பது என்று பொருள். மலாய்க்காரர்கள் இதைக் காமிஃபிகாசி என்கிறார்கள். விளையாட்டின் வழியாகவே பாடம் நடந்தால் அதற்குப் பெம்பெலாஜாரான் பெராசாஸ்கான் பெர்மாயினான் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நாம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் குழப்புகிறோம்.

'மயம்' என்றால் முழுக்க அதுவாகவே இருப்பது. அறை புகைமயம் என்றால் எங்கும் புகைதான். வாரப் பயிற்சிக்குப் புள்ளி போட்டதும் பாடம் முழுக்க விளையாட்டாகிவிடுமா? விரிவுரை, கட்டுரை, தேர்வு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. வடமொழி ஒட்டு என்பதைவிட இந்தப் பொருட்பிழைதான் பெரிய குறை. 'விளையாட்டாக்கம்' என்பாரும் உண்டு. அது விளையாட்டை உருவாக்கும் தொழிலைத்தான் நினைவூட்டும். 'விளையாட்டாகக் கற்றல்' இன்னும் மோசம்: 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பொருட்படுத்தாதே என்றுதானே அர்த்தம்? 'விளையாட்டு அடிப்படையிலான கற்றல்' என்பது 'பெராசாஸ்கான்' என்பதை அப்படியே இறக்கி வைத்தது. தமிழ்வழிக் கல்வி என்று சொல்லிப் பழகிய நமக்கு 'விளையாட்டுவழிக் கற்றல்' போதாதா? புள்ளி, பதக்கம் சேர்ப்பதை 'ஆட்டக்கூறு சேர்ப்பு' என்றால் உள்ளது உள்ளபடி விளங்கும்.

சொல் குழம்பினால் வகுப்பும் குழம்பும். 'கூட்டுக் கற்றல்' என்று அறிவித்துவிட்டு, நால்வருக்கு ஒரு கைபேசி என்ற கஹூட் குழு முறையைக் கேள்விக்கு வழக்கமான 20 நொடியிலேயே விடுகிறார்கள். சரியான விடைக்கு 1000 புள்ளி, கடைசி நொடியில் அழுத்தினால் ஏறக்குறையப் பாதிதான். அதனால் கைபேசி வைத்திருப்பவர் முந்தி அழுத்துகிறார், மற்ற மூவர் வேடிக்கை பார்க்கிறார்கள். 'தமிழ்ப் பள்ளி'யில் மிகும் வல்லினம் 'தமிழ் படித்தான்' என்பதில் ஏன் மிகவில்லை என்று பேசி முடிவெடுக்க 20 நொடி எப்படிப் போதும்? நேரத்தை 4 நிமிடமாக்கிப் புள்ளியை நீக்கினால் பேச்சு தொடங்கும். அப்போது ஆட்டக்கூறு போய்விடும், கூட்டுக் கற்றல் நடக்கும்.

விளையாட்டுவழிக் கற்றல் வேண்டுமானால் கூகுள் படிவத்தில் பூட்டுப் புதிர் அமைக்கலாம். நான்கு குறிப்புகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் குறிப்பு மட்டும் பூட்டைத் திறக்காது, அதனால் பேசியே ஆக வேண்டும். விடை சரிபார்ப்பு விதியைப் போட்டு, கேள்வியைக் கட்டாயமாக்கினால், சரியான விடை வரும்வரை அடுத்த பகுதி திறக்காது. பூட்டின் விடையை எண்ணாக வையுங்கள். தமிழ்ச் சொல்லாக வைத்தால் ஓர் இடைவெளியோ விடுபட்ட ஒற்றோ போதும், சரியான விடையையும் படிவம் தள்ளிவிடும்.