ஆதென்டிக்: உள்ளபடியும் கைப்படவும்

'ஆதென்டிக்கா இருங்க', அதாவது போலித்தனம் இல்லாமல் இருங்க என்ற அறிவுரை லிங்க்ட்இன் பக்கம் போனால் தவறாமல் கண்ணில் படும். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பலரும் 'நம்பகத்தன்மை'யில் போய் நிற்கிறார்கள். அது வேறு. நம்பிக்கை என்பது பார்க்கிறவர் மனத்தில் இருக்கிறது. போலி மருத்துவரையும்தான் ஊரே நம்புகிறது.

ஆதென்டிக் என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். 'ஔதோஸ்' என்றால் தான், தானே. அதை முன்னால் வைத்துப் பிறந்த 'ஔதென்டீஸ்' என்பதற்குத் தன் கையாலேயே ஒரு காரியத்தைச் செய்தவன் என்று பொருள். பழைய கிரேக்கத்தில் அந்தக் காரியம் பெரும்பாலும் கொலை! கொலைகாரன் என்றே சொல்லுக்குப் பொருள் இருந்தது. அப்புறம் யார் உத்தரவுக்கும் காத்திராமல் தானே செய்பவன், எஜமான் என்று மாறியது. துருக்கியர் ஒருவரை மரியாதையாக அழைக்கும் 'எஃபெந்தி'கூட இதன் வழித்தோன்றல்தான். லத்தீனில் இது மூல ஆவணத்தைக் குறித்தது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

இணையத்தில் இதற்கு ஒரு முத்திரையே இருந்தது. ஆள்மாறாட்டப் புகார்களுக்குப் பிறகு 2009இல் ட்விட்டர் கொண்டுவந்த நீலக்குறி, 'கணக்கு இன்னாருடையதுதான்' என்பதற்கு அடையாளம். 2022 நவம்பரில் அதை மாதம் 8 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். உடனே யாரோ ஒருவர் எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் குறியை வாங்கி, 'இன்சுலின் இனி இலவசம்' என்று பதிவிட்டார். நிஜ நிறுவனம் விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே, 2023இன் சொல்லாக மெரியம்-வெப்ஸ்டர் அகராதி தேர்ந்தெடுத்தது எதை என்கிறீர்கள்? ஆதென்டிக்கைத்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். சான்றிதழ் என்றால் 'உண்மைத்தன்மை' போதும். அரசு அலுவலகங்களில் புழங்குகிற சொல். பொருளுக்கு 'அசல்' உண்டு. அரபியிலிருந்து வந்தது, அங்கே வேர் என்று பொருள். ஆனால் நாம் 'அச்சு அசல் அப்பா மாதிரியே' என்று அதைச் சாயலுக்கும் பயன்படுத்திவிட்டோம்.

மனிதருக்கு? 'உண்மை' இருக்கிறதே என்பீர்கள். பழந்தமிழில் உண்மை என்றால் இருத்தல், உளதாதல். அதன் எதிர்ச்சொல் இன்மை. இன்று அது பொய்க்கு எதிராக மட்டும் நிற்கிறது. அந்தப் பழைய உயிர் 'உள்ளபடி' என்பதில் இன்னும் துடிக்கிறது. அதனால் வாழ்வதற்கு 'உள்ளபடி இருத்தல்' என்பேன். வேலைக்கு நம்மிடம் இன்னும் துல்லியமான சொல் உண்டு: 'கைப்பட'. கிரேக்கன் சொன்னதும் அதுதானே, கொலையை விட்டுவிட்டால்.

பயன்பாடு: 'ஃபில்டர் போடாமல் உள்ளபடி ஒரு படம் அனுப்பு.' 'இரங்கல் குறிப்பை நீயே கைப்பட எழுதினாயா, சாட்ஜிபிடியிடம் கேட்டாயா?' இரண்டாவதற்குத் தட்டச்சு செய்ததும் கைப்படத்தான் என்று யாராவது வாதாடுவார்கள். வாதாடட்டும்.