அரச வேலை எடுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கு: அணுகல் வசதி விதிகள் என்ன கேட்கின்றன?

யாழ்ப்பாணத்தில் நாலைந்து பேரை வைத்து மென்பொருள் நிறுவனம் நடத்துபவருக்கு அரச வேலை இரண்டு வழியால் வரும். ஒன்று, உள்ளூர்ச் சபையோ திணைக்களமோ கேட்கும் இணையத்தளம். மற்றது, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள பெரிய நிறுவனம் பிரித்துக் கொடுக்கும் துண்டு வேலை. அந்தப் பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் அங்குள்ள நகரசபையாகவோ அரச பல்கலைக்கழகமாகவோ இருக்கும். வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு மின்னஞ்சல் ஒன்று வரும்: "உங்கள் வீபாட்டை அனுப்புங்கள்." செய்த பொருள் அணுகல் வசதி விதிகளுக்கு எவ்வளவு இணங்குகிறது என்று காட்டும் அறிக்கைதான் வீபாட் (VPAT). மின்னஞ்சல் வந்த பிறகுதான் அது என்ன என்று தேடத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் தேடினால் செலவு கூட.

அணுகல் வசதி விதியின் அடிப்படை எளிது. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர் ஆகியோரும் அரசின் இணையத்தளத்தையும் செயலியையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்த முடிய வேண்டும். சட்டம் பிடிப்பது அரச நிறுவனத்தை. அரச நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி உங்களைப் பிடிக்கும். "நாங்கள் வெறும் துணை ஒப்பந்தகாரர்" என்ற பதில் அங்கே எடுபடாது.

அளவுகோல் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) என்ற சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி. அதில் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று மூன்று படிகள். அரசுகள் வழக்கமாகக் கேட்பது இரட்டை ஏ வரைக்கும். எந்தப் பதிப்பு என்பதில்தான் நாடுகள் வேறுபடும். அமெரிக்க மத்திய அரசின் கொள்வனவுக்கு மறுவாழ்வுச் சட்டத்தின் பிரிவு 508 பொருந்தும். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் திருத்திய தரங்கள் 2.0 பதிப்பைக் கேட்கின்றன. அங்குள்ள மாநில, நகர அரசுகளுக்கு 2024இல் வெளியான தனி விதி 2.1 பதிப்பைக் கேட்கிறது. சேவையைத் தாங்களே நடத்தினாலும் ஒப்பந்தகாரர் மூலம் நடத்தினாலும் அது பொருந்தும் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2.0இல் நிற்கிறது. பிரித்தானியப் பொதுத்துறைக்கு 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உண்டு. அங்கே இப்போது பரிசோதிப்பது 2.2 பதிப்பின்படி. இதில் குழம்பத் தேவையில்லை. 2.2க்கு ஏற்பச் செய்தால் பழைய பதிப்புகளின் தேவைகளும் ஏறக்குறைய முழுதாக அடங்கிவிடும். ஏ, இரட்டை ஏ இரண்டும் சேர்ந்து அதில் 55 நிபந்தனைகள் இருக்கின்றன. எந்தத் திகதிக்குள் முடிக்க வேண்டும் என்பதை மட்டும் வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க நகரங்களுக்கு 50,000 சனத்தொகை ஒரு கோடு. அதற்குக் குறைந்த இடங்களுக்குத் தவணை கூட.

இனி வீபாட். இது அமெரிக்கத் தகவல் தொழினுட்பத் துறையின் சங்கம் ஒன்று இலவசமாக வெளியிடும் வெற்றுப் படிவம். நிரப்பினால் அது உங்கள் பொருளின் இணக்க அறிக்கை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே நான்கில் ஒரு பதில் எழுத வேண்டும்: பூர்த்தி செய்கிறது, ஓரளவு பூர்த்தி செய்கிறது, பூர்த்தி செய்யவில்லை, பொருந்தாது. பக்கத்தில் குறிப்பெழுத ஒரு பத்தி உண்டு. புதிதாக நிரப்புபவர் மேலிருந்து கீழ்வரை "பூர்த்தி செய்கிறது" என்று போட்டுவிட்டு குறிப்புப் பத்தியை வெறுமையாக விடுவார். கொள்வனவு அதிகாரிக்குச் சந்தேகம் வர அதுவே போதும். "ஓரளவு" என்று எழுதி, திகதி தெரிவுசெய்யும் கட்டத்தை விசைப்பலகையால் இயக்க முடியாது, அடுத்த பதிப்பில் சரிசெய்வோம் என்று குறிப்பும் எழுதிய அறிக்கைக்குத்தான் மதிப்பு. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழி இது. பிழையென்று பிறகு தெரிந்தால் பேச்சு ஒப்பந்த மீறலுக்குப் போகும்.

பரிசோதனைக்குப் பெரிய செலவில்லை. உதாரணமாக ஒரு சபைக்குச் சோலைவரி கட்டும் பக்கம் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மவுஸைக் கழற்றுங்கள். டப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டு ஆதன இலக்கத்திலிருந்து பணம் செலுத்தும் பொத்தான் வரை போக முடிகிறதா? இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா? அப்புறம் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு அதே பக்கத்தைக் கேளுங்கள். கட்டங்களுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால், எழுதும் கட்டம், எழுதும் கட்டம், எழுதும் கட்டம் என்றே சொல்லிக்கொண்டு போகும். அடையாள அட்டை இலக்கம் எதில், தொலைபேசி இலக்கம் எதில் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? தானியங்கிக் கருவிகளையும் ஓட்டுங்கள், ஆனால் அவை பிடிப்பது ஒரு பகுதியைத்தான். ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுவதும் இணக்கமாகிவிடும் என்று விற்கும் செருகிகளை நம்பவே வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது.

தமிழுக்கு வரும்போது வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் அலுவலகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் சாகவில்லை. பாமினியில் தட்டிய சுற்றறிக்கை கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகள். "யாழ்ப்பாணம்" என்று தலைப்பில் இருப்பதைத் திரைவாசிப்பானிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டால் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச், இசட், கே, அரைப்புள்ளி என்று வாசிக்கும். கேட்பவர் பாவம். கணினி தமிழாகவே அறியும் யுனிகோடு எழுத்து முறைக்கு மாற்றாமல் பதிவேற்றிய ஒவ்வொரு கோப்பும் இப்படித்தான். ஸ்கேன் செய்த கடிதம் அதைவிட மோசம்; அதில் வாசிக்க எதுவுமே இல்லை. முத்திரை, கையெழுத்தோடு ஸ்கேன் பிரதிதான் வேண்டும் என்று அலுவலகம் நின்றால், அதன் கீழேயே உள்ளடக்கத்தை எழுத்தாகவும் போட இடம் வைத்துக் கொடுங்கள்.

மும்மொழித் தளத்தில் இன்னொன்று. பக்கத்தின் மொழி எது என்று நிரலில் குறிப்பது ஏ படி நிபந்தனை. பக்கத்துக்குள் இடையில் வரும் வேற்றுமொழிப் பகுதியைக் குறிப்பது இரட்டை ஏ. தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலம் என்ற குறி அப்படியே கிடந்தால், திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும். சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். என்.வி.டி.ஏ.யோடு வரும் பேச்சுப்பொறிக்குத் தமிழும் தெரியும், குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும். நிறத்தையும் பாருங்கள்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து இதில் தேறாது.

உள்நாட்டில் நிலைமை என்ன? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் கட்டடங்களையும் பொது இடங்களையும் பற்றியவை. சாய்தளம், கழிப்பறை, மின்தூக்கி என்று போகும். இணையத்தளத்தை நேரடியாகத் தொடுவது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை. இலங்கை அதை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆனால் அது அரசின் மீதான கடப்பாடு. உங்கள் ஒப்பந்தத்துக்குள் தானாக நுழையாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு இயலாமை இருந்தது. ஒரு பிரதேச செயலகத்தின் சேவை பெறுநர்களில் அது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே ரெண்டர் ஆவணத்தில் அணுகல் வசதி பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும் விலைமனுவில் நீங்களே எழுதிக் கேட்கலாம். எந்தப் பதிப்பு, எந்தப் படி, யார் பரிசோதிப்பது என்று தெளிவாக எழுதுங்கள். பரிசோதனைக்கென்று தனியாக ஒரு தொகையும் வையுங்கள். திரைவாசிப்பானைத் தினமும் பாவிக்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வதுதான் சிறந்த வழி. விழிப்புலனற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். விழிப்புலனற்றோருக்கான சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்களில் விசாரித்தால் ஆள் கிடைக்கலாம். உதவியாகக் கேட்காமல் அவருடைய நேரத்துக்குக் காசு கொடுங்கள்.

கடைசியாக, தளத்தைக் கையளித்த பிறகு பதிவேற்றப்படும் கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுங்கள். வடிவமும் நிரலும் உங்களுடையவை. நாளாந்த அறிவித்தல்கள் அலுவலகத்துடையவை. அந்த வரி இல்லாமல் கையெழுத்திட்டால், பராமரிப்புக் காலம் முழுவதும் அவர்கள் போடும் ஒவ்வொரு பாமினிக் கோப்புக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.