ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு தாய் தன் 8 வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு இரவாகப் பிள்ளை தூங்கவில்லை. வலது கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினேன். கீழ் வரிசையின் கடைசிப் பல்லில், நடுவே, ஒரு மிளகு உட்காரும் அளவுக்குக் குழி. காலையில் சாப்பிட்ட தோசைத் துணுக்கு அதில் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஆறு மாதமாகவே கறுப்பாகத்தான் இருந்தது டாக்டர். பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று விட்டுவிட்டோம்" என்றார்.

அது பால் பல் அல்ல. அந்தப் பெண் பாட்டியான பிறகும் முறுக்கு கடிக்க வேண்டிய நிரந்தரப் பல்.

சொன்னதும் அந்தத் தாயின் கண்கள் கலங்கிவிட்டன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே வார்த்தைகளை நான் அடிக்கடி கேட்கிறேன். படித்த வீடு, படிக்காத வீடு என்ற வேறுபாடே இல்லை. பல் முளைப்பது பற்றி நம் எல்லோர் மனத்திலும் ஒரே சித்திரம்தான் இருக்கிறது. பல் ஆடும், விழும், சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம், அதே இடத்தில் புதுப் பல் வரும். முன்பற்களுக்கு இது சரி. முதல் நிரந்தரக் கடவாய்ப் பல் அப்படி வருவதில்லை. 6 வயதை ஒட்டி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், வெறும் ஈறாக இருந்த இடத்தில், எந்தப் பல்லும் விழாமலே அது முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஆடவும் இல்லை, விழவும் இல்லை என்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

தெரியாமல் வருவதோடு, அது சொத்தை விழ ஏற்ற பல்லாகவும் இருக்கிறது. முழுதாக வெளியே வரப் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. அதுவரை பாதிப் பல்லின்மேல் ஈறு மூடியிருக்கும். அதன் அடியில் உணவு தங்கும். பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால், முன்னும் பின்னும் தேய்க்கிற பிரஷ் அதைத் தொடாமலே கடந்துபோகும். மெல்லும் பரப்பில் இருக்கும் பள்ளங்களோ பிரஷின் மயிரிழைகூட நுழையாத அளவுக்குக் குறுகலானவை. புதிதாக முளைத்த பல்லின் எனாமல், அதாவது அதன் கடினமான மேலோடு, முற்றி உறுதிப்படவும் காலம் வேண்டும். 6 வயதில் வந்த பல் 8 வயதில் குழி விழுந்து நிற்பதில் எனக்கு வியப்பே இல்லை. ஒவ்வொரு முறையும் வருத்தம் மட்டும் குறையாமல் இருக்கிறது. அந்த வயதில் பல்லின் வேர் நுனி மூடியிருக்காது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல வேர் சிகிச்சையைச் சட்டென்று முடிக்க முடியாது. பல முறை வரவேண்டும், காத்திருக்க வேண்டும்.

அதனால் 5 வயது தாண்டிய குழந்தை வீட்டில் இருந்தால் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பல் விழுந்த இடைவெளி இருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் பல் வரிசை பக்கத்துக்கு ஐந்தோடு முடிந்துவிடும். மொத்தமே 20 பற்கள். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிரந்தரப் பல். அது ஈறைவிட்டு நன்றாக வெளிவந்ததும் பல் மருத்துவரிடம் காட்டி, பள்ளங்களை அடைக்கும் பூச்சு வைத்துக்கொள்ளலாம். ஊசி இல்லை, குடைவது இல்லை, வலி இல்லை. ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள்தான். என் தொழிலில் இவ்வளவு சிறிய வேலைக்கு இவ்வளவு பெரிய பலன் தருவது வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் பால் பல் சொத்தையானால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். பரவாயில்லை என்று நான் எப்போதும் சொல்லமாட்டேன். முன்பக்கத்துப் பால் பற்கள் 6, 7 வயதில் விழுகின்றன; பின்பக்கத்துப் பால் கடவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. 4 வயதில் சொத்தையான பல்லை வைத்துக்கொண்டு இன்னும் 6, 7 ஆண்டுகள் அந்தக் குழந்தை சாப்பிட வேண்டும். வலியென்று பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பிறகு வரும் பல்லுக்கு இடமில்லாமல் கோணலாக முளைக்கும். வேருக்கடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலும் பழுதாகலாம். இவற்றைவிட என்னைக் கலங்கவைப்பது வேறொன்று. சோற்றை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறான், பிடிவாதக்காரன் என்று அடிவாங்கிய 4 வயதுப் பையனின் வாயைப் பார்த்தால் இரண்டு பக்கமும் மெல்ல முடியாத சொத்தை. அவனுக்கு வலி என்று சொல்லத் தெரியவில்லை. அது எப்போதும் இருப்பதால் இயல்பு என்றே நினைத்திருந்தான்.

சொத்தை எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சின்னக் குழந்தைகளுக்கு அது மேல் முன்பற்கள் நான்கில் தொடங்கும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு, பால் அந்தப் பற்களைச் சுற்றி இரவெல்லாம் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். தூக்கத்தில் உமிழ்நீரும் குறைவு, கழுவிவிட ஆளில்லை. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. பல் முளைத்த பிறகு, தூங்கிவிட்ட குழந்தையின் வாயில் எதையும் விட்டுவைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சூப்பானில் தேன் தடவிக் கொடுப்பதும், பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரோ பனங்கற்கண்டுப் பாலோ கொடுத்துத் தூங்கவைப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டினாற்போல், சுண்ணாம்புக் கோடு இழுத்தது மாதிரி, மங்கலான வெள்ளைப் பட்டை தெரிகிறதா? அதுதான் முதல் அடையாளம். இன்னும் குழி விழவில்லை. இந்த நிலையில் வந்தால், எனாமலை உறுதிப்படுத்தும் ஃபுளூரைடு என்ற தாது கலந்த வார்னிஷ் பூச்சைத் தடவி, பழக்கத்தையும் மாற்றி, பல்லை மீட்டுவிட முடியும். பழுப்பாகி, கறுப்பாகி, ஓரம் உடைந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள்.

"பல்லில் பூச்சி விழுந்துவிட்டது" என்று சொல்கிறோம். பூச்சி எதுவும் இல்லை. கண்டங்கத்திரி விதைப் புகையைப் பிடித்துப் பூச்சி எடுப்பதாகச் சொல்பவர்களிடம் போய்விட்டு, வீக்கத்தோடு வரும் குழந்தைகளை இன்றும் பார்க்கிறேன். பல்லின்மேல் படிந்திருக்கும் கிருமிகள் நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. நடப்பது அவ்வளவுதான். ஒருமுறை தின்றால், உமிழ்நீர் அந்த அமிலத்தை மட்டுப்படுத்த அரை மணி நேரமாவது பிடிக்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். மதியச் சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்ற குழந்தையைவிட, பத்து மணிக்கு ஒரு பிஸ்கட், பதினொன்றுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று கொறித்துக்கொண்டிருந்த குழந்தைக்கே ஆபத்து அதிகம். பிஸ்கட் பசைபோலப் பள்ளங்களில் ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. இருமல் மருந்துகள் பலவும் சர்க்கரைப் பாகுதான். படுக்கும் முன் கொடுத்தால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவையுங்கள்.

பல் விளக்குவதில் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றே ஒன்று: இரவில், உங்கள் கையால். காலையில் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பும்போது எப்படியோ போகட்டும். 7, 8 வயது வரை குழந்தையின் மணிக்கட்டுக்கு அந்த வேலையைச் சரியாகச் செய்யும் பக்குவம் வராது. "நீயே விளக்கிக்கொள்" என்று பிரஷைக் கையில் கொடுத்தால் முன்பற்களைத் தேய்த்துவிட்டு வந்துவிடும். பேன் பார்க்கும்போது மடியில் தலைவைத்துப் படுக்கவைப்போம் அல்லவா, அப்படியே படுக்கவைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் வாய் முழுதும் தெரியும். ஒரு விரலால் கன்னத்தை விலக்கி, கடைசிப் பல்வரை விளக்கிவிடுங்கள். 3 வயதுக்குள் ஓர் அரிசி மணியளவு பற்பசை, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் வருவதுபோல நீளமாகப் பிதுக்க வேண்டாம். துப்பினால் போதும், கொப்பளிக்கத் தேவையில்லை. பல்லில் ஒட்டியிருக்கும் ஃபுளூரைடு இரவெல்லாம் வேலை செய்யட்டும்.

ஃபுளூரைடு என்றதும் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்ததால் பலருடைய பற்களில் பழுப்புக் கறை படிந்தது, எலும்பும் பாதிக்கப்பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அது நாள் முழுதும் குடித்த தண்ணீரால் வந்தது. அரிசி மணியளவு பற்பசையால் வருவதல்ல. அந்தப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் குடும்பமாக இருந்தால் மட்டும், பற்பசையைப் பற்றி உங்கள் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். "சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடவைப்பேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். அந்தக் குழந்தை வலியோடு வரும் நாளில் வாயைத் திறக்காது. நானும் நீங்களும் சேர்ந்து தவிப்போம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை, வலி எதுவும் இல்லாதபோதே, கூட்டிக்கொண்டு வாருங்கள். நாற்காலியில் ஏறி இறங்கட்டும், கண்ணாடியைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும்.

அந்த 8 வயதுப் பெண்ணுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, வீக்கம் வடிந்துவிட்டது. மூன்றாம் முறை வந்தபோது, நான் சொல்லாமலே தாய் தன் 5 வயது மகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். அவனுக்கு இன்னும் ஒரு பல்லும் ஆடவில்லை. தாயின் கைகளைக் கழுவச் சொல்லி, கீழ்த்தாடையின் கடைசியில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எண்ணினார். ஐந்துக்கு அப்பால், ஈறைக் கீறிக்கொண்டு, கூராக ஒரு முனை விரலில் தட்டுப்பட்டது. "இதுவா டாக்டர்?" என்றார். அதுதான். இரவில் பிரஷைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காக நுழைத்து அந்த முனையின்மேல் மெதுவாகத் தேய்க்கும் விதத்தை அவர் கையைப் பிடித்தே காட்டினேன். முழுதாக வெளிவர இன்னும் சில மாதம் ஆகும். பூச்சு வைக்கப் பொங்கல் முடிந்து வரச் சொல்லியிருக்கிறேன்.